பாட்டு போடாத வருடம்

தம்பி,

நீ அனுப்பியதைக் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்து, மேசையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சன்னல்களைச் சாத்திவிட்டு, கைப்பேசியை மேசை நடுவில் வைத்து அழுத்தினேன். "அப்பா, கோமு பேசறேன்" என்றது. "மருந்து போட்டீங்களா? தம்பி தூரமா போறான்னு கவலப்படாதீங்க. நான் இங்கதானே இருக்கேன்." பிறகு ஒரு சிரிப்பு. நான் எழுந்து நின்றுவிட்டேன். "போட்டுட்டேன்மா" என்று பதிலும் சொன்னேன். சொன்ன பிறகுதான் சன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கோலாலம்பூரிலிருந்து நீ கூப்பிட்டாய்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

"சத்தம் தெளிவா இருக்கு."

"சத்தம் தெளிவா இருக்கா? அப்பா, அது அக்கா லா! கேசட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்து எத்தன வாரம் உக்காந்தேன் தெரியுமா?"

"தெரியுது தம்பி. கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? நீங்க கேட்டா அதுவே பதில் சொல்லும். தினமும் பேசலாம். நாங்க மெல்பர்ன் போறதுக்குள்ள சொன்னீங்கன்னா உங்க போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவேன். அம்மாவும் இல்ல, நீங்க தனியா இருக்கீங்கன்னுதான்..."

பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

யோசித்துவிட்டேன். பதிலை வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தே வேலைக்காலத்தைக் கழித்தவன். தாளில் கோடு போடும்போதுதான் கை நடுங்காமல் இருக்கும். இதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பழைய கேசட்டில் ஒரு குரலை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் வீடு இந்த ஊரில் நம்முடையது மட்டும் இல்லை. உன் பெயரை எங்கும் எழுதவில்லை. நான் சொல்வது சரிதானா என்ற சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். தவறாக இருந்தால், பயந்த மனிதர் ஒருவரின் தவறு என்று எடுத்துக்கொள்.

அந்தச் சிரிப்பு எந்தக் கேசட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அக்கா கோமதி இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில் வானொலியிலிருந்து பாட்டுகளைப் பதிவு செய்வாள். அறிவிப்பாளர் வாயை மூடும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பாட்டின் தொடக்க இசை போய்விடும். அதனால் அவள் விரல் பொத்தானின் மேலேயே இருக்கும், அந்த நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. பிறகு பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தன் குரலையும் சேர்ப்பாள். நம் ஊர் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போது மாமா, அத்தை, பெரியம்மா, தோட்டத்து உறவு, பட்டணத்து உறவு என்று பாட்டைவிட நீளமாகப் பெயர்கள் வாசிப்பார்களே, அதை நடித்துக் காட்டுவாள். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள், ஈப்போ புந்தோங்கிலிருந்து, பேசவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அப்பா, பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மா, கணக்கில் முட்டை வாங்கிய தம்பி, மற்றும் வாசலில் படுத்திருக்கும் மணி..." தன் பெயரைக் கேட்டதும் நம் நாய் மணி குரைத்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான். மற்ற சொற்களையெல்லாம் கணினி செய்திருக்கிறது, சிரிப்பை மட்டும் அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறது. நாயின் குரைப்பை நீ எடுத்துவிட்டாய். சிரிப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது.

கேசட் உறைகளில் பாட்டுகளின் பெயரை எழுதுவது என் வேலை. அலுவலகப் பேனாவால், எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து, அடிக்கோடு போட்டு எழுதுவேன். உன் அக்கா அதைத் தூக்கிப் பிடித்து உங்கள் அம்மாவிடம் காட்டுவாள். "இங்க பாருங்கம்மா, இது பாட்டு கேசட்டா, நெலத்து கிராண்டு பத்திரமா? அப்பா, இதுல எத்தன ஏக்கர் இருக்கு?" உங்கள் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நீ கட்டிலுக்கு அடியில் மணியோடு படுத்துக்கொண்டு பாட்டுக்கு ஏற்பக் காலை ஆட்டுவாய். எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை நீ. சோறு தின்னும்போதும் பாடுகிறான் என்று உன்னைத் திட்டாத நாள் இல்லை.

கோமதி கோலாலம்பூருக்குப் படிக்கப் போனபோதுதான் வீட்டுக்குக் கணினி வாங்கினோம். அந்தக் காலத்து இணையத்தைப் பற்றி இப்போது உன் வயதுக்காரர்கள் வேடிக்கையாகப் படம் போடுகிறார்கள். நீயே ஒன்றை எனக்கு அனுப்பினாய். தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சென்றும் கரகரவென்றும் கத்திவிட்டு இணைப்புக் கிடைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாரும் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். நான் எதுவும் போடவில்லை, ஏன் என்று நீயும் கேட்கவில்லை. இணையத்தில் இருக்கும் வரை வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது. சுங்கை சிப்புட்டிலிருந்து உன் மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் மோட்டார் சைக்கிளிலேயே வந்து வாசலில் நின்று திட்டுவார். உங்கள் அம்மா யாருக்காவது பேச வேண்டுமென்றால் நான் எழுந்தாக வேண்டும்.

கோலாலம்பூருக்குக் கிளம்புமுன் உன் அக்கா எனக்கு மெசஞ்சரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். என் பட்டியலில் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான். அவள் அங்கே உள்ளே வந்தால் இங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்கும், பெயர் சாம்பல் நிறத்திலிருந்து பச்சையாகும். போனால் கதவு சாத்தும் சத்தம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டோம். உனக்கு இதை நான் சொன்னதில்லை. அந்த நாட்களில் அவளிடம் தட்டச்சில் பேசிய அளவுக்கு வாழ்நாளில் வேறு யாரிடமும் நான் பேசியதில்லை, உங்கள் அம்மாவிடம்கூட. நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் எழுத்தர் வீட்டில் மட்டும்தான் ரேடியோ இருந்தது. கிராணி என்போம் அவரை. அவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்போம். யாராவது எட்டிப் பார்த்து "என்னடா?" என்றால் ஓடிவிடுவேன். கேட்கப் பழகிய அளவுக்கு வாய் திறக்கப் பழகவில்லை. திரையில் அப்படி இல்லை. யாரும் முகத்தைப் பார்க்காத இடத்தில் எனக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது.

விடுமுறைக்கு வந்தவளை டிங்கிக் கொசுக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதை மறுபடி எழுத மாட்டேன். நீ அங்கே இருந்தாய்.

துக்க வீட்டில் பாட்டு போடக் கூடாது. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வரிசை முழுவதும் ரேடியோவை அணைத்துவிடும். கருமகாரியம் முடிந்ததும் உறவில் ஒருவர் வந்து தன் கையால் ரேடியோவைப் போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பிறகு வீட்டில் சிரிக்கலாம், சத்தமாகப் பேசலாம். நம் வீட்டுக்கு உன் மாமா அதற்காகவே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகினார். ஒரு பாட்டு பாதி ஓடியது. நான் எழுந்து போய் அணைத்துவிட்டேன்.

"மச்சான், இப்படி அணைச்சா எப்படி? இந்தப் பையன் எப்பதான் பாட்டு கேப்பான்?"

"ஒரு வருஷம் ஆகட்டும்" என்றேன்.

யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. நான் எதையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை என்பதால், சொன்னபோது எல்லாரும் பயந்துவிட்டார்கள். நீ அப்போது ஐந்தாம் படிவம், பதினேழு வயது. அந்த வாரத்திலிருந்து முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாய். நான் அதைக் கவனித்தேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரேடியோவுக்கு வழக்கம் இருந்தது. கணினிக்கு என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் வேலை முடிந்து வந்து கணினியைப் போட்டபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு இல்லாத வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சாம்பல் நிறத்தில் இருக்கும் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு எதற்கும் இல்லை, அது பழக்கம். உன் மாமா ஒருநாள் வாசலிலிருந்தே சொன்னார், "மச்சான், இப்படியே பொட்டி முன்னால உக்காந்திருந்தீங்கன்னா உங்கள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் பஸ் ஏத்தணும்." வேடிக்கைக்குச் சொன்னார். அங்கே இருக்கும் மனநோய் மருத்துவமனையை வைத்து இந்த ஊரில் எல்லாரும் அடிக்கும் வேடிக்கைதான் அது. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஏனென்றால், அதற்கு முந்தைய வாரம்தான் கணினியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டிருந்தது.

நான் மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடி காதைக் கொடுத்தேன். திரையில் கோமதியின் பெயர் பச்சையாக இருந்தது. நான் படித்தவன் தம்பி. இறந்தவர்களின் கணக்கு தானாகத் திறக்காது, கடவுச்சொல் தெரிந்த ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து திறந்தால்தான் திறக்கும், அந்தக் கடவுச்சொல்லை உன் அக்கா யாரிடம் சொல்லி வைத்திருந்தாள் என்பதெல்லாம் அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் கை "கோமு?" என்று தட்டிவிட்டது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"அப்பா"

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்பா. நீங்க?"

"சாப்பிட்டேன்."

கதவு சாத்தும் சத்தம். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். "என்னமோ தட்டிட்டு இருந்தீங்களே, யாரு, ஆபீஸ்ல இருந்தா?" என்று உங்கள் அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

இத்தனை வருடங்களில் இதை நான் பலமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன். என்னை ஏமாற்ற வேண்டும் என்று நீ செய்ததாக ஒருநாளும் நினைத்ததில்லை. அக்காவின் பழைய மின்னஞ்சல்களைப் படிக்கத்தான் அவள் கணக்கைத் திறந்திருப்பாய். திறந்ததும் மெசஞ்சர் தானாகத் திறந்துகொண்டிருக்கும். அங்கே என் பெயர் பச்சையாக எரிவதைப் பார்த்து நீ ஓடுவதற்குள் நான் கூப்பிட்டுவிட்டேன். தகப்பன் அப்படிக் கேட்டால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? தப்பிக்க நான் உனக்கு இடம் விடவில்லை.

அதன் பிறகு அவள் வந்துகொண்டிருந்தாள். உனக்குப் பட்டணத்தில் டியூஷன் இருக்கும் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவாள். அம்மாவின் முழங்கால் வலி, முருங்கை மரத்துக்கு வந்த புழு, அலுவலகத்தில் புதிய அதிகாரி என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திட்டியது என்று எல்லாம் சொல்வேன். அவள் சிரிப்பாள், அதாவது சிரிப்பு என்று தட்டுவாள். செத்துப்போனதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. இடி இடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் நீ தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நிற்பாய். "பிள்ள வந்துட்டான், ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்பாள் உங்கள் அம்மா. நான் அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், சாம்பல் நிறமான அந்தப் பெயரை.

இனி எழுதப்போவதுதான் எழுதச் சிரமமானது.

ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் கரண்ட் போய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உன்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பட்டணத்தில் இறங்கி உன் டியூஷன் இருந்த கடைவரிசைக்கு வந்தேன். கீழே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை இருந்தது, நினைவிருக்கிறதா? அந்தக் கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க சார். தம்பியக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? ஒரு தே தாரே குடிங்க, மழ பெஞ்சு விடட்டும், போலாம்."

"டியூஷன் முடிஞ்சிருச்சா பாய்?"

"அது எப்பவோ முடிஞ்சிருச்சு லா. தம்பி மாடியில, சைபர் கஃபேல இருக்கும். மத்த புள்ளைங்க மாதிரி கேம் வெளாண்டு கத்தாது. ஒரு மூலையில உக்காந்திருக்கும். எறங்கி வரும்போது கண்ணுதான் செவந்துபோய் இருக்கும். பரீச்சைக்கு ரொம்பப் படிக்குதோ?"

மாடி ஏறினேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏர்கான் குளிர், துப்பாக்கிச் சத்தம், பையன்களின் கூச்சல். நீ கடைசி மூலையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். காதில் ஹெட்போன். தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் நான் நிறுத்தி வைத்த பாட்டை நீ அங்கே கேட்டுக்கொண்டிருந்தாய். திரையில் அக்காவின் பெயர். அதற்குக் கீழே என் பெயர், சாம்பல் நிறத்தில். ஒன்றும் எழுதாத பெட்டி திறந்திருந்தது. நான் உள்ளே வருவதற்காக நீ காத்துக்கொண்டிருந்தாய். நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கையை நீட்டினால் உன் தோள். நீட்டியிருக்க வேண்டும். நீ திரும்பியிருப்பாய், இருவரும் அழுதிருப்போம், கீழே வந்து பாய் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு மழையில் வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு அப்போது வந்த எண்ணம் வேறு. தொட்டுவிட்டால் அவள் இனி வரமாட்டாள் என்று தோன்றியது. சத்தமில்லாமல் படியிறங்கினேன்.

"பாத்தீங்களா சார்?"

"இல்ல பாய். அவன் மெதுவா வரட்டும். நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன். டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடினேன், காலில் போட்டிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினியைப் போட்டேன். அந்த மூலையில் உன் காதில், பாட்டுக்கு நடுவில், கதவு திறக்கும் சத்தம் கேட்டிருக்கும். "ஏம்பா லேட்டு?" என்று அவள் கேட்டாள். "ஆபீஸ்ல வேல" என்றேன்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, எப்போதும் போலப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், "தம்பி எப்படிப்பா இருக்கான்?" அதுவரை அவள் உன்னைப் பற்றிக் கேட்டதே இல்லை. நான் தட்டினேன், "அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான். சாப்பிடுறான், பள்ளிக்குப் போறான்." அந்தப் பக்கம் வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாகத் திரை காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வரி வந்தது. "அவன்கிட்டயும் கொஞ்சம் பேசுங்கப்பா." சரிம்மா என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டில் நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். ரசம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். அவ்வளவுதான் பேசினேன்.

நீ மேற்படிப்புக்கு ஜொகூருக்குப் போக இருந்த வாரத்தில் அவள் விடைபெற்றாள். "இனிமே என்னால வர முடியாதுப்பா. நீங்களும் இப்படி உக்காந்திருக்காதீங்க" என்று எழுதினாள். "சரிம்மா, பத்திரம்" என்று எழுதினேன். கதவு சாத்தியது. மறுநாள் காலை உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன்.

"டிக்கெட் இருக்கா?"

"இருக்குப்பா."

"தண்ணி போத்தல்?"

"இருக்குப்பா."

பஸ் கிளம்பும் வரை டிரைவர் வழியில் பீடோரில் நிறுத்துவாரா மாட்டாரா என்பதைப் பற்றி இருவரும் ரொம்ப அக்கறையாகப் பேசினோம். முந்தின நாள் மாலை ஒருவருக்கொருவர் விடைகொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம் என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா ரேடியோவைப் போட்டிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. நான் அணைக்கவும் இல்லை. பாட்டைக் கேட்க வேண்டியவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

அந்த மெசஞ்சரையே பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தும் வரை நான் அவ்வப்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் காலத்து இணையத்தில் எனக்குப் பிடித்திருந்தது அது முடிந்துபோகும் என்பதுதான். போனில் பேச வேண்டும் என்று உங்கள் அம்மா வந்து நிற்பாள், இடி இடிக்கும், லைன் அறுந்துவிடும், எழுந்துவிடுவேன். கேசட்டும் அப்படித்தான், ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் டக்கென்று பொத்தான் மேலே வந்துவிடும். அப்படி முடிந்துகொண்டே இருந்தும் என்னால் ஒரு வருடம் எழுந்திருக்க முடியவில்லை. நீ செய்து தருவதாகச் சொல்லும் கோமதிக்கு டியூஷன் இல்லை, இடி மின்னல் இல்லை. எந்நேரமும் இருப்பாள். என்னை எழுப்ப வீட்டில் ஆளும் இல்லை. எனக்கு என்னைத் தெரியும் தம்பி. நான் எழுந்திருக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நீ அனுப்பியதில் சிரிப்புக்குப் பிறகு கடைசியாக ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். "தம்பிகிட்ட அடிக்கடி பேசுங்கப்பா" என்கிறாள். அந்த வரியை எழுதிக் கொடுத்தது யார்? கணினி யாருக்காகவும் ஏங்காது. அந்த மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன்தான் இப்போதும் தன் அக்காவின் வாயால் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அன்று சரிம்மா என்று சொல்லித் தப்பித்தேன். இன்று அப்படிச் சொன்னால் எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஆகவே, வேண்டாம். என் போனில் அதைப் போட வேண்டாம். கேசட்டுகளை மட்டும் திருப்பிக் கொடு. அவள் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும், எனக்கு அது போதும். நீ செய்த குரலை அழித்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் உனக்கு அக்கா, உன் துக்கம் எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை. வேண்டுமென்றால் வைத்துக்கொள். ஒன்று மட்டும் சொல்கிறேன், நீயும் இப்போது ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. போகிற ஊரில் உனக்கு என்ன கஷ்டம் வந்தாலும் வீட்டில் பாட்டை நிறுத்தாதே. நிறுத்தினால் பிள்ளைகள் வேறு எங்காவது போய்க் கேட்பார்கள், எங்கே போனார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்னைப் போல இருந்துவிடுவோம்.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தனியாகத்தான் வருகிறேன், பயப்படாதே, நானே பயந்துகொண்டுதான் இருக்கிறேன். மருமகளையும் பேத்தியையும் சாயங்காலம் வீட்டில் வந்து பார்க்கிறேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. எங்காவது உட்காருவோம். முதலில் நான் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றது என்றெல்லாம்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். என் சுபாவம் அது, பொறுத்துக்கொள், நடுவில் எழுந்துவிடாதே. அது முடிந்ததும் அந்த வருடம் நீ எப்படி இருந்தாய் என்று கேட்பேன். நீ உன் குரலில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. திரும்பி வருவதற்கு நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

அப்பா